க வரைக்கும் என் பாதி

தம்பி, கோவிச்சுக்கிடப்படாது. அந்த எட்டாம் நம்பர் தப்பு. 'சில்லரை'ன்னு எழுதியிருக்கிய. சில்லறை. பெரிய ற. அதான் மேலருந்து கீழ வாற சொல்லு உக்கார மாட்டேங்கு. 'கைதி இருக்கும் இடம்'னு கேட்டிருக்கான், நீங்க 'சிரை'ன்னு வச்சிருக்கிய. கைதிய ஜெயில்ல போடுறதுக்குப் பதிலா சலூனுக்கு அனுப்பிட்டிய. அடிச்சு எழுதுங்க, ஒண்ணும் ஆவாது.

நான் எட்டிப் பாக்கல தம்பி. ரெண்டு பேர் சீட்டுல உக்காந்தா கண்ணு தானா போவத்தான் செய்யும். அதுவும் குறுக்கெழுத்துக் கட்டத்தப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது. ஆனா பாருங்க, இந்தப் பத்திரிகைய நான் ரெண்டு வருஷமாத் தொடல. பெட்டிக்கடையில தொங்கினாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். ஏன்னு கேளுங்க. கீழ பொடி எழுத்துல 'கட்டம் அமைத்தவர்'னு ஒரு பேர் போட்டிருக்கும். பாத்தியளா? ஞானசிகாமணி. ஆறெழுத்து. அவன்தான் எனக்குத் துரோகம் பண்ணுனவன். துரோகம், நாலெழுத்து.

ஆமா, எதுவானாலும் எழுத்து எண்ணிப் பாக்குற பழக்கம் எனக்கு. வீட்டுல திட்டுவாங்க. என் பேரு சண்முகவேலாயுதம். ஒம்பது. எந்தக் கட்டத்துலயும் அடங்காது.

நீங்க எங்க வரைக்கும்? ஜங்ஷனா? நான் புது பஸ் ஸ்டாண்டு. கண்ணாடிக் கடைக்குப் போறேன். காம்பு லூசாயிட்டு, குனிஞ்சா கழண்டு விழுது. ஆழ்வார்திருநகரியிலயே சரி பண்ணலாம்தான். ஆனா திருநெல்வேலியில பண்ணா நிக்கும். வேற சோலி ஒண்ணும் கிடையாது.

நானும் அவனும் இருபத்தெட்டு வருஷம் ஒண்ணா வேல பாத்தோம். ஆர்.எம்.எஸ். ரயில்வே தபால் பிரிக்கிற எடம். சுவத்துல மரத்தால கட்டம் கட்டமா அடிச்சிருக்கும். ஊர்ப்பேர வாசிச்சு அந்தந்தக் கட்டத்துல காயிதத்தச் செருகணும். அங்கயும் கட்டந்தான். வேலை இல்லாத நேரம் பேப்பர்ல வாற கட்டம். ரிட்டயர் ஆனப்புறம் நான் ஊருக்கு வந்துட்டேன், அவன் பாளையங்கோட்டை சமாதானபுரத்துலயே இருந்துட்டான். ஆனா சனிக்கிழமை தவறாது. பத்தரை பஸ்ஸுல வந்து எறங்கிருவான். அவன் கையால போட்ட கட்டம் ஒண்ணு எனக்கு, என் கையால போட்டது ஒண்ணு அவனுக்கு. எவன் மொதல்ல முடிக்கானோ அவனுக்கு மத்தவன் உளுந்தவடை வாங்கித் தரணும். அவ்வளவுதான் எங்க பந்தயம். பந்தயம் சின்னது, ரோசம் பெருசு.

இப்படி இருக்கையில என் மகன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டு, பழச எனக்குக் குடுத்தான். அவனும் எங்கயோ ஒண்ண செகண்ட்ஸ்ல வாங்கினான். அப்பதான் சிகாமணி சொன்னான், "வே சம்முகம், அஞ்செழுத்து, மூணாவது எழுத்து 'ம்', இதுக்கு என்னென்ன சொல்லு இருக்குன்னு கேட்டா இந்தப் பெட்டி சொல்லணும் வே. அப்பந்தான் கட்டம் போட வசதி."

நல்ல யோசனதான். ஆனா சொல்லணும்னா மொதல்ல அதுக்கு வயித்துக்குள்ள சொல்லு இருக்கணும்லா? வெறும் சொல்லு. பொருள் வேண்டாம், படம் வேண்டாம், கலர் வேண்டாம். வரிக்கு ஒரு சொல்லு. அகராதியில இருக்கதெல்லாம், ஒண்ணு கீழ ஒண்ணா. எவ்வளவு சின்ன விஷயம்! அதுக்கு நாங்க அலஞ்ச அலச்சல் இருக்கே, கேட்டா சிரிப்பிய. ஒரு பெரிய எடத்துக்கு எழுதிப்போட்டோம். நாலு மாசம் கழிச்சு, 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில். இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு. ஒரு புரொபசர் சீடி குடுத்தாரு. போட்டா, வெறும் கேள்விக்குறியும் டப்பா டப்பாவுமா வருது. அவரு எழுத்துரு போட்டாதான் அது தமிழாம், இல்லன்னா டப்பாவாம். அந்த எழுத்துரு எங்கன்னு கேட்டா அது தொலஞ்சுபோச்சாம். இன்னொருத்தர் அகராதி முழுசும் இருக்குன்னு குடுத்தாரு. பாத்தா பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு வச்சிருக்காரு. போட்டோவுல இருக்க சோத்தத் திங்க முடியுமா தம்பி?

ஒரு சனிக்கிழமை அவன் பெரிய பை ஒண்ணத் தூக்கிட்டு வந்தான். உள்ள அவன் வீட்டு அகராதி. தலகாணி தண்டி. அவன் கல்யாணத்துக்கு வந்த பரிசு அது, மொதப் பக்கத்துல அவன் பேரும் அவன் பொண்டாட்டி பேரும் எழுதியிருக்கும். மேசையில வச்சான். பிளேட எடுத்தான். 'க' முடிஞ்சு 'ச' ஆரம்பிக்கிற எடத்துல வச்சு, முதுகுல ஒரே கீறு. ரெண்டா வந்துட்டு.

"வே! என்னவே பண்ணுதீரு!"ன்னேன்.

"யாரும் தரமாட்டாங்க. நாமளே அடிப்போம். அ-வுலருந்து க வரைக்கும் நீரு. ச-வுலருந்து கடைசி வரைக்கும் நான். முடிச்சுட்டு மாத்திக்கிடுவோம்."

எனக்கு முன்னட்டை வந்துச்சு, அவனுக்குப் பின்னட்டை. அவன் பொஸ்தகம், அவன் பிளேடு, நான் என்ன சொல்ல. கேட்டுக்கிடுங்க, துரோகம் எந்தப் பாதியில வரும்? 'த'வுல. அவன் பாதி. அவன் கையாலயே அடிச்ச சொல்லு!

மூணு வருஷம் தம்பி. காலையில ஒரு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம். எனக்கு ஒத்த வெரல்தான் ஓடும். கழுத்து போச்சு, கண்ணு போச்சு. இந்தக் கண்ணாடியே அப்பம் போட்டதுதான். அதுல வேற ஒரு கூத்து. கோயில்னா நமக்கு மூணெழுத்து. கம்ப்யூட்டரக் கேட்டா ஆறுங்குது. கொம்பு, சுழி, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுது கழுத. அவன்தான் ஒக்காந்து ஏதோ எழுதி, நம்ம கணக்குக்கு அத வழிக்குக் கொண்டுவந்தான். மூள இருக்கு அவனுக்கு. நான் இல்லன்னு சொல்லல.

என் பாதி முடிஞ்ச அன்னைக்கு அவன் வந்து பென்டிரைவுல ஏத்திக்கிட்டான். ஏத்தும்போது கேட்டான், "எல்லாம் அடிச்சாச்சா வே?"

"எல்லாம்"னேன்.

எல்லாம்னா, கிட்டத்தட்ட எல்லாம். ஒரு எரநூத்திப் பதினாலு சொல்லு நான் போடல. அத ஒரு டைரில தனியா எழுதி வச்சிக்கிட்டேன். இந்தா, பையிலதான் இருக்கு. அது வேற விஷயம் தம்பி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. யோசிச்சுப் பாருங்க, நல்ல நல்ல சொல்லெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போட்டுட்டா, சனிக்கிழமை நான் போடுற கட்டத்த அவன் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவான். கையில நாலு ஆயுதம் வேணும்லா? என் பேருலயே ஆயுதம் இருக்கு. எரநூத்திப் பதினாலுங்கது பத்தொம்பதாயிரத்துல ஒரு தூசி.

அவன் பாதிய எனக்குக் குடுத்தான். பாத்தேன். அந்தாளு ஒண்ண விடல. அகராதியோட கடைசியில பிழைதிருத்தம்னு ஒரு பக்கம் ஒட்டியிருப்பாங்கல்லா, அதையுங்கூடப் பாத்துத் திருத்தி அடிச்சிருக்கான். அப்படி ஒரு கிறுக்கன்.

அதுக்கப்புறம் சனிக்கிழமை என் ராஜ்ஜியந்தான். 'உவளகம்' போட்டேன். அரண்மனையில ராணிமார் இருக்கிற எடம். முக்கால் மணி நேரம் முழிச்சான். கம்ப்யூட்டருல தேடுதான், இல்ல. மறுவாரம் 'ஆகுலம்'. மனக்கலக்கம்னு அர்த்தம். தேடுதான், இல்ல. பதினோரு வாரம் தொடர்ந்து ஜெயிச்சேன். பதினோரு வடை. ஒவ்வொரு தடவையும் அவன் என்னையப் பாப்பான். "இது லிஸ்ட்டுல இல்லையே வே?"ம்பான். "விட்டுப்போச்சு போல"ன்னு சொல்லுவேன். "விட்டுப்போயிருக்கும்"பான். அவ்வளவுதான். வடைய வாங்கிக் குடுத்துட்டு, ரெண்டு பஸ்ஸ விட்டுட்டுப் பேசிக்கிட்டிருந்துட்டுப் போவான். சூது வாது தெரியாதவன்னு நெனச்சேன். அப்படி நம்பி வச்சிருந்தேன் அவன.

கொஞ்சம் அந்த ஜன்னலத் தள்ளுங்க தம்பி, காத்து வரட்டும். கருங்குளம் தாண்டிட்டா? தாண்டிட்டு.

எங்க தெருவுல சுகிர்தா டீச்சர்னு ஒரு அம்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒருநாள் பள்ளிக்கூடத்துல சொல் வெளையாட்டு வைக்கணும்னு கம்ப்யூட்டரத் தொறந்து வச்சிக்கிட்டு என்னையக் கூப்புட்டாங்க. "சார், நெட்டுல பெரிய சொல் பட்டியல் ஒண்ணு கெடச்சிருக்கு. சும்மாவே தாராங்க. அம்பதாயிரம் சொல்லு"ன்னாங்க. எங்க ரெண்டு பாதியையும் கூட்டினாலும் அம்பதாயிரந்தான். "டீச்சர், ஔவைன்னு தேடுங்க"ன்னேன். தேடுனாங்க. இல்லன்னு வந்துச்சு. "இப்பம் ஒ-வும் ள-வும் தனித்தனியா அடிச்சுத் தேடுங்க"ன்னேன். வந்து விழுது! ஒளவை, ஒளடதம்னு வரிசையா.

அது என் கை, தம்பி. ஔங்கிற எழுத்து எந்தக் கட்டைல இருக்குன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல. ஒ-வத் தட்டி ள-வத் தட்டிருவேன். பாக்க ஒண்ணு போலத்தான இருக்கு. உலகத்துல வேற எவன் லிஸ்ட்டுலயும் அந்தத் தப்பு அப்படியே அதே எடத்துல இருக்காது. என் பாதி! மூணு வருஷம் கழுத்து ஒடிய அடிச்சது! தெருவுல போறவன் வாறவனெல்லாம் எடுத்துக்கிடுங்கன்னு போட்டிருக்கான். ஒரு வார்த்த கேக்கல. திருத்தக்கூட இல்ல, நான் குடுத்தத அப்படியே வச்சிருக்கான். கைகூட வைக்கல.

மேல ரெண்டு வரி எழுதியிருந்தான். 'தொகுத்தவர்கள்: சண்முகவேலாயுதம், ஞானசிகாமணி.' என் பேர மொதல்ல போட்டுட்டா நான் வாய மூடிக்கிட்டு இருப்பேன்னு நெனப்பு. அடுத்த வரியக் கேளுங்க. 'இது முழுமையானதன்று. விடுபட்ட சொற்களுக்கு முதலாமவரைக் கேட்கவும்.' பக்கத்துல என் போன் நம்பர்! பாத்தியளா தந்திரத்த? பேரு அவனுக்கு, கொற சொல்ல ஆளு நானு. மலேசியாவுலருந்து ஒருத்தன் கூப்புடுதான், யாழ்ப்பாணத்துலருந்து ஒரு அம்மா கூப்புடுதாங்க. 'ஐயா, விடுபட்ட சொற்கள் உங்களிடம் இருக்காமே'ங்காங்க. நான் என்ன கட வச்சிருக்கேனா?

அன்னைக்கே போனப் போட்டேன். "யாரக் கேட்டு வே குடுத்தீரு?"

"சொல்லு யாருது வே?"ன்னு கேக்கான்.

"நான் அடிச்சது என்னுது! அத வச்சுத்தான வே நாம சனிக்கிழமை வெளையாடுதோம்? ஊருக்கெல்லாம் குடுத்துட்டா நமக்குன்னு என்ன இருக்கு?"

அதுக்கு அவன் மெதுவாக் கேட்டான், "எல்லாம் அடிச்சீரா வே?"

நான் என்ன கேக்கேன், அவன் என்ன கேக்கான்! பேச்ச மாத்துறதப் பாருங்க. டக்குன்னு வச்சிட்டேன். அதோட சரி. சனிக்கிழமை பத்தரை பஸ்ஸு வரும், போவும். நான் வாசல்ல நின்னு பாக்கதுகூட இல்ல. மொத ரெண்டு மூணு மாசம் பாத்தேன். அது வந்து, பஸ்ஸு சத்தம் கேட்டா யாரும் பாக்கத்தான் செய்வாங்க. எறங்கல அவன். எறங்குவான்னு நான் நெனச்சதும் இல்ல. வடக் கடைக்காரன் ஒருநாள், "என்ன அண்ணாச்சி, கூட்டாளியக் காணல?"ன்னு கேட்டான். அன்னைக்கிலேருந்து அந்தக் கடப் பக்கமே போறதில்ல. நெஞ்சு எரியுது தம்பி. எண்ணெய்னால இல்ல.

போன செவ்வாக்கிழமை கார்டு ஒண்ணு வந்துச்சு. எல்லாரும் போன்ல பேசுதாங்க, இவன் மட்டும் தபால் கார்டு போடுவான். ஆர்.எம்.எஸ்காரன்லா. சட்டையில சும்மா கெடக்கு, வாசிக்கேன் கேளுங்க. 'சம்முகம், வீட்டை ஒழித்துவிட்டேன். வியாழன் மாலை ரயிலில் மகளோடு ராய்ப்பூர் போகிறேன். இனி இந்தப் பக்கம் வருவது சந்தேகம். முடிந்தால் வாரும். இல்லாவிட்டால் இந்த வாரக் கட்டத்தையாவது பாரும்.' அவ்வளவுதான். மன்னிச்சுக்கோன்னு ஒரு சொல்லு உண்டா? கிடையாது. போற போக்குலயும் என் கட்டத்தப் பாருன்னு பெரும பேசுதான். பத்திரிகையில வாறதுல அவ்வளவு கருவம்.

ஆமா, இன்னைக்கு வியாழந்தான். தெரியும். அதுக்கும் கண்ணாடிக்கும் ஒண்ணும் இல்ல. பஸ்ஸு சமாதானபுரம் வழியா போவத்தான் செய்யும், நான் என்ன டிரைவருகிட்ட வேற வழியா போன்னா சொல்ல முடியும்? எறங்க மாட்டேன். அவன் வந்து எறங்கட்டும்னு ரெண்டு வருஷம் இருந்தேன்லா, அவன் வந்தானா?

சரி, விடுங்க. ஒங்க கட்டம் எந்த அளவுல இருக்கு? பரவால்லையே, முக்காவாசி முடிச்சிட்டிய. ஒண்ணே ஒண்ணுதான் நிக்குதா? எது, பதினேழா? நடுவுல ர வந்துட்டு. மூணெழுத்து. போன்ல தேடிப் பாத்தியளோ? கெடைக்காது. இந்தப் போன்ல இருக்க வெளையாட்டுலயெல்லாம் எங்க லிஸ்ட்டத்தான் போட்டு வச்சிருக்கானுவ. வாசிங்க பாப்போம், என்ன கேட்டிருக்கான்?

'விட்டுப்போனது என்றார், வைத்திருந்தது நெஞ்சில்.' மூணு.

ப்பூ. இவ்வளவுதானா? கரவு. க, ர, வு. மனசுக்குள்ள ஒளிச்சு வைக்கது. கள்ளம். ஒங்க போன்ல எப்படிக் கெடைக்கும்? அது லிஸ்ட்டுலயே கெடையாது தம்பி. இந்தா பாருங்க, டைரி. க-வுல, நாலாம் பக்கம், மேலருந்து மூணாவது. கரவு. நல்ல சொல்லு, சமயம் வரும்போது போடணும்னு வச்சிருந்தேன். அவனுக்கு நான் இதப் போட்டதே இல்ல. பதினோரு வாரத்துல ஒரு வாரங்கூட இதப் போடல. என்னையத் தவிர எவனுக்கும் இது…

தம்பி, இன்னொரு தடவ வாசிங்க.

'விட்டுப்போனது என்றார்.'

'என்றார்'னு போட்டிருக்கானா? 'என்றான்'னு இல்லையே? சரி.

இல்ல தம்பி, ஒண்ணுமில்ல. கண்ணாடி லூசு, அதான் கண்ணுல தண்ணி. குனிஞ்சா விழுந்துருது.

அப்பம் மொத வாரத்துலயே தெரியும் அவனுக்கு. உவளகம் போட்ட அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் பதினோரு வடை வாங்கிக் குடுத்திருக்கான். ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு ஒக்காந்து பேசிக்கிட்டும் இருந்திருக்கான். 'விட்டுப்போயிருக்கும்'னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னான் தம்பி. நான் சொல்லுவேன் சொல்லுவேன்னு பாத்திருக்கான். போன் நம்பரப் போட்டான், ஊர் உலகம் பூரா கேக்க வச்சான். நான் யாருக்கும் ஒரு சொல்லு குடுக்கல. அவன் கல்யாணப் பொஸ்தகத்தக் கீறிப் பாதியக் குடுத்தான் எனக்கு.

இந்த எடம் எது? வி.எம்.சத்திரமா? அடுத்து சமாதானபுரந்தான?

கண்டக்டர்! ஏ கண்டக்டர் தம்பி! சமாதானபுரத்துல ஒரு ஆள் எறக்கம்! டிக்கெட்டு பஸ் ஸ்டாண்டுக்கு இருந்தா என்னவே, முன்னாடி எறங்கக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?

கொஞ்சம் காலத் தள்ளுங்க தம்பி. இல்ல, கையில புடிக்காண்டாம், டைரி இருக்கு, நானே எறங்கிருவேன். ரயிலு சாயங்காலந்தான, ஆளு வீட்டுலதான் இருப்பான். இதக் குடுத்துட்டு வந்துருதேன். எரநூத்திப் பதினாலும் இருக்கு, சரியா எண்ணி வச்சிருக்கேன். அங்க போயி மேல என்ன சொல்லணும்னு தெரியல. எனக்கு அ-வுலருந்து க வரைக்குந்தான தெரியும். மன்னிப்பு 'ம'வுலலா வருது. அஞ்செழுத்து. அது அவன் பாதி, தம்பி. அவன் ஒண்ணையும் விடமாட்டான்.